மூன்று விரல் தள்ளி

கேகே மருத்துவமனையிலிருந்து
ஐஸ் பெட்டியில் வந்திறங்குகிறது தொப்புள்கொடி.
பெயரில்லை. 0417.
பிள்ளை இந்நேரம் பொங்கோலில் எங்கோ
பாலுக்கு அழும்.

சிரையைக் கழுவி
உட்சுவர் செல்களைத் தட்டில் வளர்க்கிறேன்
புவன விஸ்தாவில், ஜன்னலில்லாத அறையில்.

அடிபட்ட செல் கத்தும்.
கத்தலுக்குப் பாஸ்பேட்டில் மூன்று வால்.
காதில் விழுந்தால் போதும்,
தட்டணுக்கள் ஓடிவந்து
ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்து வழியை அடைக்கும்.
செல்லின் வாசலில் நிற்கும் நொதி
வாலை நறுக்கும். ஒன்று. இன்னொன்று.
கடைசி வாலைப் பக்கத்து நொதி பார்த்துக்கொள்ளும்.
கத்தல் தேய்ந்து
"ஒன்றுமில்லை, போங்கள்" என்றாகும்.

அழற்சி முற்றிய சுவரில்
கத்தரி மழுங்கும்.
எவ்வளவு மழுங்கும் என்று அளந்தபடி
பதினோரு மணி நேரம் நாற்காலியில் இருந்தேன்.

இடது கெண்டைக்கால் வீங்கியது.
டான் டோக் செங்கில் ஸ்கேன் எடுத்தவர்
"என்ன வேலை?" என்றார்.
சொன்னேன்.
சிரிக்காமலிருக்கத் திரையைப் பார்த்தார்,
அங்கே என் ரத்தம்
நின்றுகொண்டிருந்தது.

தினம் ஓர் ஊசி.
"தொப்புளுக்கு மூன்று விரல் தள்ளி,
நீங்களே குத்திக்கொள்ளலாம்" என்றாள் தாதி நூர் ஹஸ்லிண்டா.

எனக்கும் அங்கே ஒரு கொடி இருந்தது.
யார் கழுவினார்கள் அதை, எங்கே போட்டார்கள்?

சியூ லிங்குக்குச் செய்தி அனுப்பினேன்:
நாளை காலை 0417க்கு
ஊட்டநீர் மாற்ற வேண்டும்.