சுவருக்கு அந்தப் பக்கம்

ஈசாஃப்யோர்தூரில் எங்கள் கடை.
முன்பாதி தூண்டில், வலைநூல், ரப்பர் பூட்ஸ், பலகை, ஆணி.
பின்பாதி ஏழு கிட்டார், ஒரு அக்கார்டியன்.
பிக்குகள் கிடப்பது பழைய தூண்டில்முள் பெட்டியில்.
இன்னும் சில முட்கள் அடியில் உண்டு.
பார்க்காமல் கைவிடுகிறவர்களுக்கு
பிளாஸ்டர் இலவசம்.

ஸ்டெய்ன்வோர் வந்தாள்
மீன் ஆலையின் வெள்ளை ஏப்ரனோடு.
"சத்தம் வராத பிக் ஒன்று கொடு."

வாங்காமல் இருப்பதுதான் மலிவு என்றேன்.
சிரிக்கவில்லை.

முதலில் நைலான், புள்ளி நாற்பத்தாறு.
நூற்றைம்பது குரோனா.
சும்மா பார்த்தாலே வளைகிற ஜாதி.
ஆறு கம்பியிலும் அது போனபோது
யாரோ மழைக்கோட்டை மடிப்பதுபோல் இருந்தது.
"இது வேண்டாம். சுரம் சின்னது, டக் பெரிசு."

அப்போதுதான் பிடிபட்டது.
அவள் சொன்ன சத்தம் சுரமில்லை,
சுரத்துக்கு ஒரு மயிரிழை முன்னால்
பிளாஸ்டிக் கம்பியை முட்டுகிற அந்த டக்.
சுவரைத் தாண்டுவது அதுதானாம்.
பாட்டு இந்தப் பக்கமே நின்றுவிடுமாம்.

அந்தப் பக்கம் யாரென்று கேட்கவில்லை.
ஊரே தெரிந்து வைத்திருக்கிறது.
பிரிந்த பிறகும் வீடு விற்கவில்லை,
கூடத்தின் குறுக்கே ஜிப்சம் பலகை அடித்து
ஆளுக்குப் பாதி.
கெட்டில் இரவெல்லாம் படகில் நின்று
காலை ஒன்பதுக்குப் படுக்கிறவன்.
பலகை வாங்கியது எங்களிடம்தான்.
இருந்ததிலேயே மெல்லியது.
தடிமனுக்குக் காசு கூட என்றபோது
இருவரும் சேர்ந்தே தலையாட்டினார்கள்,
கடைசியாக ஒத்துப்போன விஷயம்.

அசெட்டால், ஒன்று புள்ளி பதினான்கு:
கனமாகப் பேசியது, மூக்கடைத்த குரலில்.
ஆனால் உப்பும் பனிக்கட்டியும் வெடிக்கவைத்த விரலில்
நிற்கவில்லை. இரண்டு முறை பெட்டிக்குள் விழுந்தது.
எடுத்துக் கொடுத்தது நான். முள் குத்தியதும் எனக்கு.

பிறகு கண்ணாடிக்குள்ளிருந்து அதை எடுத்தேன்.
கேசின். பாலின் புரதத்தை இறுக்கிக் கல்லாக்கியது.
மூன்று மில்லி. விளிம்பு கூழாங்கல் போல்.
ஒரே ஒரு கம்பியைத் தொட்டாள்.
டக் இல்லவே இல்லை.
ஒலி எங்கே தொடங்கியது என்று சொல்லமுடியவில்லை,
ஏற்கெனவே அறைக்குள் இருந்திருக்கிறது.
திருப்பிப் பார்த்தாள். ஐயாயிரத்து எண்ணூறு.
"இரண்டு மணி நேரக் காட் மீன்" என்றாள்,
விரலுக்குத் தகுந்த வீக்கம் போதுமென்று
திரும்ப வைத்தாள். நானும் வற்புறுத்தவில்லை,
இரண்டு வருடமாக விற்காத பொருள் அது.

எடுத்தது செல்லுலாய்ட், புள்ளி எழுபத்து மூன்று.
ஆமை ஓடு மாதிரி வேஷம் போட்டது.
நிஜ ஆமை ஓட்டுக்குச் சட்டம் வந்துவிட்டதால்
எல்லா ஆமையும் இப்போது இருநூறு குரோனாதான்.
"உப்புத்தாள் இருக்கா?"
கல்லாமேஜையிலேயே தேய்க்கத் தொடங்கினாள்.
முனையைத் தேய்த்தாள், தோளைத் தேய்த்தாள்,
கம்பியில் வைத்துக் காது கொடுத்தாள், மறுபடி தேய்த்தாள்.
கடை முழுக்கக் கற்பூர நெடி,
நெஞ்சுச்சளிக் களிம்பைத் திறந்து வைத்ததுபோல்.
நாற்பது நிமிஷம். பூட்ஸ் வாங்க வந்த இரண்டு பேர்
வாங்காமல் நின்று கேட்டார்கள்.
டக் தேய்ந்து தேய்ந்து
ஒரு த் ஆனது. பிறகு அதுவும்.

அடுத்த வாரம் கெட்டில் வந்தான்,
கண்ணுக்குக் கீழே கறுத்து.
முள் நூறு, நூல் ஒரு சுருள்.
பணம் கொடுத்த பிறகும் நின்றான்.
"ஸ்டெய்ன்வோர் கிட்டாரை வித்துட்டாளா?"
இல்லையே.
"ஒன்பது மணிக்கு ஒண்ணும் கேக்கல. தூக்கம் வரல."

அந்தப் பெட்டியை நான் நகர்த்தி வைக்கவில்லை, அவ்வளவுதான்.
கிட்டார் பிடிக்கத் தெரியாதவன்
ஒவ்வொன்றாக வளைத்து வளைத்துப் பார்த்து
நைலானை எடுத்தான், புள்ளி நாற்பத்தாறு.
எங்கே போடுவான், அவள் எடுப்பாளா,
எனக்கென்ன தெரியும்?
நூற்றைம்பது குரோனா
சில்லறையாகவே கொடுத்தான்.
கட்டைவிரலில் ரத்தம்.
பிளாஸ்டரை நீட்டினேன்.