கை விளங்குமா

மார்ச் முடிந்தும் ப்ர்னோவில் பனி விடவில்லை.
சமையல் மேசைமேல் வெள்ளைத் துண்டு,
அதில் இரட்டைக்கண் ஃப்ளெக்ஸரெட்,
கண்ணிரண்டும் கழற்றி வைத்தபடி.
ராதிம் நின்றுகொண்டே சூப் குடிக்கிறான்.
அவனுக்கு மூன்று நாளாக மேசை கிடையாது.

கீழ் லென்ஸில் பூஞ்சை.
பேருந்துக் கண்ணாடியில் உறைபனி படர்வதுபோல
விளிம்பில் தொடங்கி நடுவுக்குக்
கிளைவிட்டு வந்திருக்கிறது.
அழகுதான். அழித்தாக வேண்டும்.
பெராக்சைடு, ஒரு துளி அம்மோனியா,
பஞ்சு நுனியால் வட்டம் வட்டமாக,
மூச்சை அடக்கி.
மழைநாளில் ட்ராமை வளைவில் இறக்கும்போதும்
இப்படித்தான் அடக்குவேன்.

ஷட்டர் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.
லைட்டர் பெட்ரோல் ஒரு சொட்டு. அழுத்தினேன்.
ம்ஹூம்.
இன்னொரு சொட்டு.
சோம்பலாகத் திறந்து
பாதியிலேயே தூங்கிப்போயிற்று.

எல்லாம் எனக்கு முன் இதைத் திறந்தவன் வேலை.
திருகாணித் தலைகளைக் கடித்துத் துப்பியிருக்கிறான்.
எண்ணெயே படக்கூடாத இடத்தில்
தையல் மெஷின் எண்ணெயை ஊற்றியிருக்கிறான்.
பெயர் வளையத்தைக் கத்தரிக்கோலால் நெம்பி
ஒரு நீளக் கீறல்.
இவன் கை விளங்குமா என்று
திங்கள் திட்டினேன். செவ்வாயும்.
புதன்கிழமை டிப்போவில் யர்மிலாவைப் பிடித்துவைத்துத் திட்டினேன்.
"யாரை?" என்றாள்.
தெரியாது என்றேன்.

வியாழன் இரவு
மேல்மூடியைக் கழற்றினால்
பார்வைக் கண்ணாடி ஆடாமலிருக்க
ஓர் அட்டைத் துண்டு முட்டுக் கொடுத்திருந்தது.
ட்ராம் பணிப்பட்டியலில் வெட்டியது.
நீல மையில்: 4.10, லீஷென்.
நாலுக்குக் கொம்பு வைக்கும் அந்தக் கிறுக்கு
வேறு யாருக்கும் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம்.
திறக்க மட்டும் தெரிந்த ஒருத்தி,
மூடத் தெரியாமல் பையில் அள்ளிப் போட்டு
ஞாயிறு சந்தையில் நானூறு கொருனாவுக்குத் தள்ளிவிட்டாள்.
அதே சந்தையில்தான் போன வாரம்
தொள்ளாயிரம் கொடுத்து வாங்கி வந்தேன்,
பேரம் பேசி ஜெயித்ததாக வேறு நினைப்பு.

கையை விளக்கடியில் விரித்துப் பார்த்தேன்.
நகக்கண்ணில் கருப்பு கிரீஸ், பெட்ரோல் வாடை.
விளங்கியிருக்கிறது,
ஏதோ.

திருகாணிகளை மாற்றினேன். எண்ணெயைத் துடைத்தேன்.
கீறல் கிடக்கட்டும்.
அட்டையைத் தூக்கிப் போடப் போய், சும்மா அளந்தேன்:
இம்மி பிசகவில்லை.
இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஒரு நொடிக்கு வைத்து அழுத்தினால்
ஒன்றேகால் எடுத்துக்கொள்கிறது.
ராதிம் சூப் கிண்ணத்தோடு வந்து நின்று
மேசையைப் பார்க்கிறான்.
நான் யாரைத் திட்டினேன் என்று
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.