பன்னிரண்டு நிமிடம்

கபிக்குலே எல்லைச் சாவடி.
எனக்கு முன்னால் நாற்பத்தொரு லாரிகள்.
பின்னால் எண்ணவில்லை.
என் வண்டியில் இருபது டன் குளியலறை ஓடு.
அதற்குப் பசிக்காது.

வலப்பக்கச் சக்கரங்களுக்கு நடுவே
இரும்புப் பெட்டி ஒன்று தொங்கும்.
கதவைச் சாய்த்துவிட்டால் அதுவே மேசை.
ஒற்றை அடுப்பு, மிளகாய்த்தூள்,
மூடி வளைந்த உப்பு டப்பா,
பாதி தீர்ந்த தக்காளி விழுது,
இரண்டு கிலோ புல்குர்.
அவித்து, வெயிலில் காயப்போட்டு, உடைத்த கோதுமை.
ஒருமுறை வெந்த உடம்பு,
மறுமுறை ரொம்பப் பிகு பண்ணாது.

இறைச்சி இல்லை.
போன மாதம் அந்தப் பக்கத்துச் சுங்கக்காரன்
என் மசாலா இறைச்சியையும் வெண்ணெயையும்
கையுறை போட்ட கையால் தூக்கிக்
குப்பைத் தொட்டியில் போட்டான்.
கோதுமையை முகர்ந்து பார்த்துத்
திருப்பித் தந்தான்.

நவம்பர் காற்று தீயைத் தின்ன வந்தது.
அட்டைப்பெட்டியைக் கிழித்து வேலி கட்டினேன்.
எண்ணெய் காய்ந்ததும்
லீக்ஸ் தண்டு, மோதிரம் மோதிரமாக.
காரட்டைப் பலகையில்லாமல் கையில் பிடித்தே சீவியதில்
கட்டைவிரலிலும் ஒரு கோடு.
காய்ந்த குடைமிளகாயை ஒடித்துப் போட்டேன்,
கடைசியில் விழுது.
வாசனை மூன்று வண்டி தாண்டியது.
யாரோ கண்ணாடியை இறக்கினார்கள்.

தேநீர்க் கிளாஸில் இரண்டு புல்குர்,
அதே கிளாஸில் நான்கு தண்ணீர்.
மூடி. சின்னத் தீ.
தண்ணீர் வற்றி, மேலே சின்னச் சின்னக் குழிகள் விழுந்ததும்
அணைத்துவிட்டு, மூடிக்கடியில்
பழைய செய்தித்தாள் ஒன்றை மடித்து வைத்தேன்.
இனி தம்.
பன்னிரண்டு நிமிடம் தொடக்கூடாது, பார்க்கவும் கூடாது.

இரண்டாவது நிமிடத்தில் பின்னாலிருந்து ஹாரன்.
வரிசை நகர்ந்திருந்தது!
ஐந்து வண்டி நீள வெற்றிடம்.
விட்டால் எவனாவது மூக்கை நுழைப்பான்.
அடுப்பை உள்ளே எறிந்தேன்.
பானையை என் கோட்டில் சுற்றிப்
பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து
பெல்ட் மாட்டினேன்.
முதல் கியர்.
இரண்டாவதற்கு வேலையே இல்லை.
நானும் அதுவும் தம் பிடித்துக்கொண்டு
ஒரு வார்த்தை பேசாமல் போனோம்.
கோட்டு மட்டும் சூடாக மூச்சு விட்டது.
முன்கண்ணாடியில் பனி மூட்டம்.
சட்டைக்கையால் துடைத்தேன்.

நின்றதும் கதவில் தட்டல்.
ஹாரன் அடித்த வண்டியின் ஓட்டுநர்,
பிளெவென் ஊர்க்காரி, பெயர் ராதோஸ்தினா.
கையில் என் உப்பு டப்பா.
"ரோட்டில் விட்டுவிட்டுப் போகிறீர்களே"
என்றாள் பாதித் துருக்கியில்.
சாப்பிட வாருங்கள் என்றேன்.
பானையை எட்டிப் பார்த்தாள்.
"வெண்ணெய் இருக்கிறதா?"
இல்லையே என்று வெட்கப்பட்டேன்.
"நல்லது. கிறிஸ்துமஸ் வரை நோன்பு எனக்கு.
கறி, பால், முட்டை எதுவும் தொடமாட்டேன்.
நீங்களும் நோன்பா?"

"என் நோன்பு
சுங்கத்துறை வைத்தது" என்றேன்.

சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது.
செய்தித்தாளை எடுத்தபோது
தலைப்புச் செய்தி ஆவியில் கரைந்திருந்தது.
ஒன்றோடொன்று ஒட்டாமல்
உதிரி உதிரியாக நின்றது கோதுமை.
குலுங்கிய குலுக்கலுக்கு
அடிப்பிடித்திருக்கும் என்று பயந்தேன். இல்லை.
அவள் ஊறுகாய் மிளகாய் கொண்டுவந்தாள்.
உப்பு கொஞ்சம் குறைவு என்று
அந்த டப்பாவையே திறந்தாள்.

மூன்றாவது கரண்டியில் மறுபடி ஹாரன்.
இந்த முறை அவள் வண்டிக்குப் பின்னாலிருந்து.
தட்டோடு ஓடினாள்.

எல்லை தாண்டியதும் அவள் வலப்பக்கம் திரும்பிவிட்டாள்.
என்னிடம் இப்போது ஒரே தட்டுதான்.
அவளுடைய ஊறுகாய் ஜாடி
கியருக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டு வருகிறது.