குறிப்பு: மஞ்சு

பதிவேட்டின் கடைசிக் கட்டம் குறுகலானது.
ஒரு சொல்லுக்குத்தான் இடம்.
பதினாறு வருடமாக அதில்
வெயில் என்றோ தூறல் என்றோ மஞ்சு என்றோ
எழுதிவருகிறேன்.
மஞ்சூர் ஆலையின் மழைமானிக்கு
வேறு ஆள் கிடையாது.

அந்த ஆகஸ்ட் ஒன்பதுக்கு நேரே
முப்பத்தெட்டு மில்லிமீட்டர்.
பக்கத்தில் என் கையெழுத்தில், மஞ்சு.
வக்கீல் ஷம்ஷாத்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
அதை மூன்று முறை வாசித்தார்.
"இதை ஏன் ஊட்டி கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை?"
என்னையும்தான் யாரும் கேட்கவில்லை.

தீர்ப்பு முழுக்க
யோகராசாவுக்குப் பெயர் 'எதிரி'.
யாருக்கு எதிரி என்று எங்கும் இல்லை.
அறுபதடி தூரத்தில்
மாலை ஆறு நாற்பதுக்கு
கேட் விளக்கில் எதிரியின் முகத்தைக் கண்டதாக
மூன்றாம் சாட்சி ரெபேக்காள் சொன்னாள்.
கவாத்துக் கத்தியில் மனித ரத்தம்,
வகை அறிய இயலவில்லை என்றது ஆய்வகம்.
கவாத்துக்காரன் கத்தியில்
அவன் விரல் ரத்தமே இருக்காதா?

பத்தி நாற்பத்தொன்று:
"பனிமூட்டம் இருந்ததென எதிரி தரப்பு நிரூபிக்கவில்லை."
ஆடி மாதத்தில்.
மஞ்சூரில்.
ஊர்ப்பெயரையே கூண்டில் ஏற்றியிருக்கலாம்.

ரெபேக்காள் பொய்க்காரி அல்ல.
பச்சை ஸ்வெட்டரைப் பார்த்திருப்பாள்,
முகம் தானாக வந்து ஒட்டியிருக்கும்.
அதே சந்தையில் வாங்கிய பச்சை ஸ்வெட்டர்
என்னிடமும் ஒன்று இருக்கிறது.
அதை இப்போது நான் போடுவதில்லை.

புஷ்பலீலா மாதம் ஒருமுறை
கெத்தை வழி பஸ்ஸில்
நாற்பத்துமூன்று வளைவும் வாந்தியெடுத்து
கோவை ஜெயிலுக்குப் போய்வருகிறாள்.
என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:
"அண்ணே, அது அழியாத மையா?"

செத்துப்போன தங்கையாவின் மகன்
ஆலைவாசலில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினான்.
"எங்கப்பனுக்கு ஒரு கட்டம் இருக்கா
உங்க நோட்டுல?"

வக்கீலிடம் சொல்லாதது ஒன்று இருந்தது.
மழையை மறுநாள் காலை எட்டரைக்குத்தான் அளப்பேன்.
குறிப்பையும் அப்போதுதான் எழுதுவேன்.
ஆறு நாற்பதுக்கு நான்
ஜன்னல் இல்லாத உலர்த்தும் அறையில் இருந்தேன்.
பத்து மணிக்கு வெளியே வந்தபோது மஞ்சு.
அதற்கு முன்?
ஆடி என்றால் என் கை
கேட்காமலே அந்தச் சொல்லை எழுதிவிடும்.

சொன்னேன்.
அவர் பேனாவை மூடினார், திறந்தார்.
"உண்மை என்னவென்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை.
அவர்களுக்குத் தெரியாது என்பதைக் காட்டினால் போதும்"
என்றவர், சற்றுக் கழித்து,
"இதையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள்" என்றார்.
எழுதினேன்.
கையெழுத்துப் போடும்போது
என் பெயர் எனக்கே அந்நியமாக இருந்தது.

அன்று சாயங்காலம்
வாட்ச்மேன் சகாயத்தைக் கேட் விளக்கடியில் நிறுத்திவிட்டு
கயிறு பிடித்து அறுபதடி நடந்தேன்.
"எத்தனை நேரம் நிக்கணும் சார்?"
மூக்கு தெரிந்தது. மீசை தெரிந்தது.
கீழ்ச்சரிவிலிருந்து ஒரு வெள்ளை ஏறி வந்தது.
சகாயம் இல்லை.
பீடியின் முனை மட்டும்.
பிறகு சகாயம்.
பிறகு மறுபடி யாரோ ஒருவன்.

பதிவேடு முத்திரையிட்ட உறைக்குள்
சென்னைக்குப் போய்விட்டது.
மேல்முறையீட்டுக்கு இன்னும் தேதி விழவில்லை.
புது நோட்டில் ஸ்கேல் வைத்து
கடைசிக் கட்டத்தை அகலமாக்கிக் கோடு போட்டேன்.

6.40: முகம் தெரிகிறது.
6.42: தெரியவில்லை.
6.43: தெரிகிறது, யாருடையது என்று