குடித்த கணக்கு

மிசௌரியின் தென்மேற்கு மூலை. காலை ஐந்தரை.
காற்று இப்போதே ஈரக் கம்பளி.
ஷோவா பொட்டலத்தைப் பல்லால் கிழிக்கிறாள்:
பொட்டாசியம் குளோரைடு, சமையல் சோடா, கொஞ்சம் உப்பு.
ஆரஞ்சு நிறம் எதற்கென்றுதான் தெரியவில்லை.
நிறம் பார்த்தா குடிக்கிறது கோழி?

வெயில் ஏறுமுன் குழாயில் ஏறிவிட வேண்டும்.
அலகு பிளந்தபின் ஊற்றுவது
வீடு பற்றியபின் கிணறு வெட்டுவது.

நான்கு கொட்டகை,
ஒவ்வொன்றிலும் இருபத்தோராயிரம்.
குஞ்சு கம்பெனியுடையது.
தீவனம் கம்பெனியுடையது.
கடனும் செத்ததும் அவளுடையவை.

கோழிக்கு வியர்க்கத் தெரியாது.
மூச்சை இறைத்து இறைத்தே
சூட்டை வெளியே தள்ளும்.
தள்ளுகிற வேகத்தில்
ரத்தத்தின் புளிப்பும் கூடவே போய்விடும்,
அதன் பின்னால் உப்புகள்.
போனதைத் திருப்பித் தருகிறது
இந்த வாளி.

வீட்டில் நெங்.
திங்கள், புதன், வெள்ளி
நியோஷோவில் ரத்தம் கழுவிக்கொண்டு வருகிறவன்.
அவனுக்கு வாழைப்பழம் ஆகாது, தக்காளி ஆகாது.
உருளைக்கிழங்கை இருமுறை வேகவைத்து
நீரை இருமுறை கொட்ட வேண்டும்.
நாளுக்கு நாலு குவளைத் தண்ணீர்,
அதில் ஒன்று மாத்திரைக்கே போய்விடும்.
பொட்டாசியம்:
அந்த வீட்டில் திருடனின் பெயர்.
அதே பெயரைப் பெட்டி பெட்டியாய்த் தோளில் வைத்து
அவன் ஜன்னலைத் தாண்டித்தான் போகிறாள் அவள்.
திரும்பி வந்து
கை கழுவி, மறுபடி கழுவி,
அப்புறம்தான் அவன் கிண்ணத்தைத் தொடுகிறாள்.

பதினொரு மணிக்குத் தீவனத் தட்டுகளை மேலே தூக்கினாள்.
செரிப்பதும் ஒரு சூடு.
குழாயில் கிடந்து வெந்த தண்ணீரைத் திறந்துவிட்டாள்.
பிறகு நடந்தாள், மெல்ல, மிக மெல்ல,
உட்கார்ந்தவை எழுந்தால்
வயிற்றுக்கடியில் அடைபட்ட அனல் வெளியேறும்.
வெள்ளைத் தரை எழுந்து, விலகி,
அவளுக்குப் பின்னால் மறுபடி மூடிக்கொண்டது.

கம்பெனி ஆள் வெர்லின் போனில்:
'வியாழக்கிழமை ராத்திரி லாரி.
அதுவரைக்கும் உயிரோடு இருக்கட்டும்.'
அதுவரைக்கும்.
அந்தச் சொல்லை அவள் வெகுநேரம் மென்றாள்.

மூன்று மணிக்கு நூற்று நான்கு டிகிரி.
நாலாம் கொட்டகையில் விசிறியின் பெல்ட் அறுந்தது.
மாற்றி முடிக்கப் பதினெட்டு நிமிடம்.
அறுபத்து மூன்று.
காலைப் பிடித்துத் தூக்கும்போது
ஒவ்வொன்றும் காய்ச்சல்காரக் குழந்தையின் சூடு.

இரவு.
நெங்கின் நாக்கில் ஒரு பனிக்கட்டித் துண்டு,
இன்றைய கடைசிப் பங்கு.
'எவ்வளவு குடித்தன?'
செத்த கணக்கை அவன் கேட்பதில்லை.
உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்த மீட்டர் எண்ணை
விளக்கருகே பிடித்து வாசித்தாள்:
'இரண்டாம் கொட்டகை மட்டும்
மூவாயிரத்து நூற்று எண்பது காலன்.'

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.
'இன்னொரு தரம் சொல்.'

சொன்னாள்,
அவசரமில்லாமல்,
பனிக்கட்டி கரைகிற வேகத்தில்.