பதினான்காம் வளைவில்

அடிவாரம் சோதனைச் சாவடிக்கு முன்னால்
சுண்ணாம்பில் ஒரு கோடு.
விடியற்காலை ஆறு மணி. பதினேழு பேர்.
நெஞ்சு எண் நூற்றொன்றில் தொடங்குகிறது,
கொஞ்சம் கூட்டமாகத் தெரியட்டுமென்று.
எனக்கு நூற்றுப் பன்னிரண்டு.

ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் தனி. அது கீழே, டவுனில்.
எண்ணூறு பேர், மஞ்சள் பனியன், ஸ்பீக்கரில் பாட்டு,
முடித்தாலும் முடிக்காவிட்டாலும் பதக்கம்.
என் மகளும் அங்கேதான் இருக்கிறாள்.
குறை சொல்ல ஒன்றுமில்லை,
அவர்கள் சிரித்துக்கொண்டே ஓடுகிறார்கள்.
மலையேறுகிறவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

இதே கோட்டில்
முழங்கை இடிபடாமல் நிற்க முடியாத வருஷங்கள் இருந்தன.
மில் பையன்கள், இரும்பாலைக்காரர்கள்,
போலீஸ் தேர்வுக்கு உடம்பைத் தேற்றுகிறவர்கள்,
ஊத்தங்கரையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து
பஸ் நிலையத்து சிமெண்டில் தூங்கி எழுந்த
மூன்று அண்ணன் தம்பிகள்.
ஒரு மணி நாற்பத்தொரு நிமிஷத்தில்
நான் மேலே போய்ச் சேர்ந்த வருஷம்
எனக்குப் பதினோராம் இடம்.
பத்துப் பேருக்குத்தான் கோப்பை.

பத்தாவது, இருசப்பன். நாகலூர்க்காரன்.
பதினான்காம் கொண்டை ஊசி வளைவு வரை
என் முதுகுக்குப் பின்னாலேயே வருவான்.
முந்துவதற்கு முன் ஒரே ஒருமுறை
தொண்டையைச் செருமுவான்,
பஸ்ஸில் நகரச் சொல்வதுபோல.
ஐந்து வருஷம், அதே வளைவு, அதே செருமல்.
அதற்குப் பயந்தே
பன்னிரண்டில் வேகம் கூட்டக் கற்றுக்கொண்டேன்.

இப்போது மூன்று வருஷமாக நான்தான் முதல்.
போன வருஷம் ஒன்று ஐம்பத்து மூன்று.
பழைய நோட்டில் விரல் வைத்து இறக்கிப் பார்த்தேன்.
இருபத்தெட்டாம் பெயருக்குக் கீழே எங்கோ இருந்தேன்.
நான் வேகமாகவில்லை.
எனக்கு முன்னால் இருந்தவர்கள் வரவில்லை,
அவ்வளவுதான்.

பதினேழு பேருக்காக யார் சாலையை அடைப்பார்கள்?
வண்டிகள் பாட்டுக்கு வந்தன, போயின.
ஆறாம் வளைவில் குரங்குகள் பார்த்தன.
ஒன்பதில் திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாருமில்லை.
பத்தில் கொஞ்சம் நடந்தேன்.
நடந்தால் என்ன?

பதினான்கில் பின்னாலிருந்து இரண்டு ஹாரன்.
ஒதுங்கினேன்.
பிக்கப் வண்டி ஒன்று கடக்காமல்
என் வேகத்துக்கே பக்கத்தில் உருண்டது.
ஜன்னலில் முழங்கை, நரைத்த மீசை, இருசப்பன்.
"இங்க அம்பத்தெட்டுல இருப்பமே," என்றான்.
"இப்ப எவ்வளவு?"
என் மணிக்கட்டை அவனே பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
கியர் மாற்றி முன்னால் போனான்.

அதற்கப்புறம் எனக்கு வந்த கோபத்தை
எந்தக் கடையிலும் வாங்க முடியாது.
பதினைந்து. பதினாறு.
ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சிவப்பு விளக்கு
நான் நிமிர்ந்து பார்க்கும்வரை நின்று
பிறகு மறைந்தது.
பதினெட்டில் வயிறு பிசைந்தது, துப்பிவிட்டு ஓடினேன்.
இருபது தாண்டி சில்வர் ஓக் நிழலில்
என் மூச்சே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

ஒன்று நாற்பத்தேழு.
ஷேக் தாவூது பாய் நாற்காலியிலிருந்து எழாமலே
மைக்கில் "முதலிடம்" என்றார்.
மேஜையில் பத்துக் கோப்பைகள்.
அடுத்த ஆள் வர இருபது நிமிஷம் ஆகும்;
அதுவரை அவற்றுக்கு ஈக்கள் காவல்.

ஏரிக்கரைக் கடை வாசலில் பிக்கப் நின்றது.
பலகை திறந்திருந்தது, மிளகு மணத்தது.
"பேர் குடுக்கலாமில்ல நீ?"
"சரக்கு யார் எறக்கறது?"
"நூத்திப் பதினெட்டு காலியாத்தான் இருக்கு."
அவன் என் காலைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான்,
பிறகு தொண்டையைச் செருமினான்.

தோளில் மூட்டை இருந்தது.
வழி விட்டேன்.