எங்கள்

திருமதி வோபால்கா
என் கட்டுரையின் முதல் வரியிலேயே
சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தார்.
'எங்கள் அம்மா மருந்துக்கடையில் வேலை செய்கிறார்.'
ஓரத்தில் ஒரு கேள்வி:
உன்னோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், நரே?

யாருமில்லை.
தேகுவில் ஒற்றைப் பிள்ளையும்
எங்கள் அம்மா என்றுதான் சொல்லும்.
எங்கள் வீடு. எங்கள் பள்ளி.
என் அம்மா என்றால்
யாரிடமிருந்தோ பிடுங்கிக்கொண்டு வந்தது மாதிரி.
திருத்தி எழுதினேன்.
என், என், என்,
ஒன்பது இடத்தில்.

இந்த நெப்ராஸ்காவில்
மூன்று மணிக்குப் பள்ளி விட்டுவிடுகிறார்கள்.
முதல் வாரம் நான் நம்பவில்லை.
நூலகத்தில் போய் உட்கார்ந்தேன்
துடைப்பத்தோடு ஒருவர் வந்து
விளக்கை அணைக்கும்வரை.
அங்கே இரவு பத்துவரை மேசை,
கண்ணயர்ந்தால் முதுகில் ஒரு தட்டு.
இங்கே மூன்றுக்கும் பத்துக்கும் நடுவே
ஏழு மணி நேரம்
உழாமல் கிடந்தது.

மிரு தன் மதிப்பெண்களை அனுப்புவாள்.
'நீ என்ன படிக்கிறாய்?'
பன்றிக்குட்டிகளை எடை போடுகிறேன்,
அதற்கும் மதிப்பெண் உண்டு
என்று எழுதினேன்.
அழித்தேன்.

வந்த மூன்றாம் நாளே,
ஆகஸ்டின் முதல் புதன், மதியச் சாப்பாட்டில்
சைரன் ஊதியது.
அந்தச் சத்தம் என் முழங்காலுக்குத் தெரியும்,
ஆறு வயதிலிருந்து ஒத்திகை.
மேசைக்கடியில் தலையைப் பொத்திக்கொண்டேன்.
மேலே கரண்டிகள் நிற்கவேயில்லை.
'சும்மா சோதனை, கண்ணு' என்று
குனிந்து பார்த்தார் கோலீன்.
வேட் சிரித்ததில் அவனுக்கு
பால் மூக்கில் ஏறிவிட்டது.
நாய் மட்டும் என் பக்கத்தில் வந்து படுத்தது.

பிறகு மே மாதம்.
புதனில்லை, ஞாயிறு.
வானம் கன்றிப்போன நிறத்தில் இருந்தது.
சைரன்.
குடும்பமே வாசலுக்குப் போயிற்று, வேடிக்கை பார்க்க.
ருடி மடக்கு நாற்காலி வேறு போட்டுக்கொண்டார்.
'வடக்கே திரும்பிடும்.'
எனக்கிருந்த ஆங்கிலமெல்லாம் எங்கோ போய்விட்டது.
கொரிய மொழியிலேயே கத்தினேன்,
மரியாதை விகுதி எதுவும் இல்லாமல்,
அப்பா வயதுக்காரரிடம்.
வேடின் காலரைப் பிடித்தேன்.
நாய் முதலில் இறங்கியது.

நிலவறையில் பீட்ரூட் ஊறுகாய் ஜாடிகள், ஒரு டார்ச்.
வேடுக்கு மறுநாள் கணிதத் தேர்வு.
நாலு கணக்குப் போட வைத்தேன்.
நிமிர்ந்து கூரையைப் பார்த்தபோதெல்லாம்
முதுகில் தட்டினேன்.
மேலே ஏதோ
ஆணி ஆணியாகக் கழன்று போனது.

காப்பீட்டுக்காரர் வந்தபோது
வாசலில் நான் மட்டும் நின்றிருந்தேன்.
கொட்டகை மொட்டையாக இருந்தது.
ருடி இன்னும் வயலில்
நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தார்.
'என்ன போச்சு?'
எங்கள் கூரை, என்றேன்.
அவர் திருத்தவில்லை.
பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்டார்:
'எத்தனை அடி?'

முப்பதுக்கு நாற்பது.
நன்றாகத் தெரியும்.
மூன்று மணிக்கு மேல், செப்டம்பர் முழுக்க
நான்தான் அதற்குச் சாயம் அடித்தேன்.